மூலம் எதற்கு?

கேள்வி: ‘சி ஸ்பேஸ்’ மாதிரி ஓடிடிக்குப் படத்தைக் கிளவுடில் ஏற்றி என்கோடிங் முடிந்ததும் மூலக் கோப்பை அழித்துவிடலாமே? இடம் மிச்சம்!
(வாசகர், தம்பானூர், திருவனந்தபுரம்)

பதில்: கேரள அரசு ‘சி ஸ்பேஸை’ 2024 மார்ச்சில் உங்கள் ஊரில் தொடங்கிவைத்தபோது அதில் ஒரு படம் பார்க்க 75 ரூபாய். மூலத்தை அழித்தால் நஷ்டம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல்! 1080, 720, 480 என்று பிரதிகள் எடுக்கும்போது சுருக்கத்தில் போன விவரம் திரும்பாது. வடித்த கஞ்சியைச் சோற்றில் ஊற்றினால் அரிசியாகிவிடுமா? நாளை எச்.264 சுருக்க முறையை விட்டு ஏவி1-க்கு மாற நினைத்தால் மூலம்தான் வேண்டும். ‘கிளவுட் வாடகை ஏறுமே’ என்பீர்கள். நியாயம்தான், ஆனால் மறுபடி உருவாக்கக்கூடியவை பிரதிகள், அவற்றைக் கழியுங்கள். மூலத்தை, அபூர்வமாகத் தொடும் கோப்புகளுக்கான மலிவுக் கிடங்குக்கு மாற்றுங்கள். மறுபடி ஏற்றுவதும் லேசல்ல: 200 ஜிபி கோப்பு, விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் கிட்டத்தட்ட நாலரை மணி நேரம் தின்னும். நடுவில் இணைப்பு அறுந்தால் திட்டுவதற்கான நேரம் தனி! துண்டு துண்டாக ஏற்றி, செக்சம் (கோப்பின் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போனபின் கையிலுள்ள ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்யுங்கள்.