சான்ட்ரோவுக்கு விடை

கேள்வி: எங்கள் முதல் கார் பழைய சான்ட்ரோ. விற்கப்போகிறோம் என்றதும் அப்பா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. ஒரு காருக்கு இவ்வளவா?
(வாசகி, அம்பத்தூர்)

பதில்: இவ்வளவுதானா என்று கேளுங்கள்! சான்ட்ரோ நம் பக்கத்து ஊர்ப் பிள்ளையம்மா. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் வரும் இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் பிறந்தது. ஹூண்டாய் இந்தியாவில் தயாரித்த முதல் கார் அதுதான். கூரை உயரம் என்பதால், வேட்டி கட்டிய தாத்தாக்கள்கூட அதிகம் குனியாமல் ஏறி உட்கார்ந்தார்கள். 2014-இல் அந்தச் சான்ட்ரோவின் தயாரிப்பு நின்றது. 2018-இல் அதே பெயரில் புதிதாக ஒன்று வந்து, 2022-இல் அதுவும் போய்விட்டது. உங்கள் அப்பா கைவிட மறுப்பது இனி கடையில் கிடைக்காத பொருளை!

விற்றே ஆகவேண்டும் என்றால், படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டதோடு நிற்காதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும்வரை விடாமல் விசாரியுங்கள். பிரிந்த துக்கம் போதாதென்று, யாரோ சிக்னல் தாண்டிய அபராதமும் அப்பா பெயருக்கு வர வேண்டாம்.

கொடுப்பதற்கு முன் அவரையே ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். சி.டி.எச். சாலையில் ஆவடி வழியாகத் திருநின்றவூர் வரை போய்வரட்டும். நெரிசல் இருக்கும். இருக்கட்டுமே, அன்றைக்கு மட்டும் அவருக்கு அது வரம்!