எழுத்தாளர் மேடைக்கு வரவும்

சிறுவர் கதை எழுதுகிறவர் யாராக இருந்தாலும் நமக்கு மாமா முறைதான் ஆக வேண்டும் என்று சின்ன வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். பத்திரிகையின் பெயரே அம்புலிமாமா. அதை விட்டால் வாண்டுமாமா. அவருடைய சொந்தப் பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி என்பதும், பெரியவர்களுக்காகக் கௌசிகன் என்ற பெயரில் எழுதுகிறார் என்பதும் எனக்கு மீசை அரும்பிய பிறகுதான் தெரியும். தெரிந்தபோது சற்று ஏமாற்றமாக இருந்தது. நம் மாமா மற்றவர்களுக்கும் எழுதுகிறாராமே!

1972இல்தான் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் அவர் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்தக் காலத்து எழுத்தாளர்களும் மாயாவி மாதிரிதான்: எழுதுகிற கை மட்டுமே வெளியே தெரிந்தது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பகலில் இந்தியன் வங்கியில் கணக்குப் பார்த்தார் என்பது அவர் பாட்டைக் கத்திக்கொண்டு ஓடிய எங்களில் ஒருவனுக்கும் தெரியாது.

இதற்கு நடுவில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வேன் ஊருக்கு வரும். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துப் புத்தகங்கள், வழவழப்பான தாள், கொள்ளை மலிவு. அதன் பலனாக நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய கதைகளில் காவிரிக்கரைப் படித்துறைக்கு ரஷ்ய ஓநாய்கள் தண்ணீர் குடிக்க வந்தன.

கதையை அனுப்புவது தனிச் சடங்கு. முழுநீளத் தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும், திரும்பி வருவதற்குத் தபால் தலை ஒட்டிய உறையையும் நாமே உள்ளே வைக்க வேண்டும். பெரும்பாலும் அந்த உறைதான் முதலில் வீடு வந்து சேரும். எப்போதாவது கதை வெளியானால் மணியார்டரில் சன்மானம் வரும். “தம்பிக்குக் கதை எழுதினதுக்குப் பணம் வந்திருக்கு!” என்று தபால்காரர் தெருவே கேட்கும்படி சொல்வார். என் நூல் அறிமுக விழா அவ்வளவுதான். மண்டப வாடகை இல்லை, பொன்னாடை இல்லை.

இன்று அப்படியெல்லாம் தப்பித்துவிட முடியாது. கதை எப்படி என்று கேட்பதற்கு முன்பே, “சார், முகநூல்ல உங்களுக்கு எத்தனை பேர்?” என்று கேட்கிறார் ஒரு பதிப்பாளர். புத்தகம் வருவதற்கு முன்னால் அட்டைப்படத்துக்கு ஒரு வெளியீடு, வந்ததும் ஒன்று, பிறகு விமர்சனக் கூட்டம். மூன்றுக்கும் வருகிறவர்கள் அதே ஆட்கள். எல்லாரும் எழுத்தாளர்கள், எல்லாருக்கும் வயது நாற்பதுக்கு மேல். சிறுவர் நூலின் வெளியீட்டு விழாவுக்குச் சிறுவர்களையும் கூப்பிடலாமே என்றேன். “மைக்கைப் பிடிச்சு இழுப்பாங்க சார்” என்றார்கள்.

1977இல் அண்ணா சாலையில் மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் கொள்ளாமல் நிற்கிறது. போன ஜனவரியில் அரங்கின் வாசலில் என்னையும் நிறுத்தினார்கள், தலையில் கரடிக் காதுத் தொப்பியோடு. (வாண்டுமாமாவுக்கு யாரும் தொப்பி மாட்டியதாகத் தெரியவில்லை.) ஒரு பையன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் கதையை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா வந்தார்.

“இதுல மாரல் இருக்கா சார்?”

“இல்லைங்க. ஒரு யானை இருக்கு.”

“இங்கிலீஷ்ல வந்திருக்கா?”

அதற்குள் பையன் கடைசிப் பக்கத்தையும் முடித்துவிட்டான். “அதான் படிச்சு முடிச்சிட்டியே, அப்புறம் எதுக்கு வாங்கணும்?” என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார். கேள்வி நியாயமானதுதான். எனக்கும் பதில் தோன்றவில்லை.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. மாமாக்களின் கதைகளில் இளவரசன் தவறாமல் ஜெயிப்பான், பிள்ளைகள் சொன்னபடி கேட்கும். இன்று குழந்தைகள் மீதான பாலியல் தொல்லையைப் பற்றிக் குழந்தைகளிடமே பேசுகிறது யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. அதற்குப் பால சாகித்ய புரஸ்காரும் கிடைத்தது. 2010இல் சாகித்ய அகாதெமி அந்த விருதைத் தரத் தொடங்கிய பிறகு, “இன்னும் குழந்தைகளுக்குத்தான் எழுதறீங்களா?” என்று கேட்கும் சொந்தக்காரர்களின் குரலும் கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு அந்த மரியாதை உண்டு.

போனது எழுத்து இல்லை, சில்லறை. பெட்டிக்கடையில் தொங்கிய பத்திரிகையைப் பிள்ளை தன் காசைக் கொடுத்துத் தானே வாங்கினான். அம்புலிமாமா நின்றுவிட்டது, கோகுலத்தையும் கடைகளில் காணோம். இப்போது நூலகம் வாங்குகிறது. இல்லாவிட்டால் அம்மா மாரல் பார்த்து வாங்குகிறார். பத்து வயது வாசகருக்குப் பத்து வயது வாடிக்கையாளர் என்ற பதவி பறிபோய்விட்டது.

எனவே பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த புத்தகக் காட்சிக்கு வரும்போது பிள்ளையின் கையில் நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, நீங்கள் பஜ்ஜிக் கடைப் பக்கமாகப் போய் நில்லுங்கள். என் புத்தகத்தை விட்டுவிட்டு அவன் காமிக்ஸ் வாங்கி வந்தாலும் திட்டாதீர்கள்.