டியூப்லைட்டைக் கீழே இறக்குங்கள்!

கேள்வி: ஹாலில் டியூப்லைட் இரவு பத்து மணிவரை எரிகிறது. அதற்கு நேர் கீழே வைத்த துளசி ஏன் நெட்டையாகி வெளிறுகிறது? (வேளச்சேரி வாசகி)

பதில்: பசி! வெளிச்சத்தைத் தேடி எட்டிப் பார்க்கிறது. மொட்டைமாடியின் உச்சிவெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். உங்கள் ஹாலில் சில நூறுதான். நம் கண் விரிந்து சுருங்கிச் சமாளித்துவிடும். இலைக்கு அந்த வசதி இல்லை. துளசியை மாடிக்கே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: டியூப்லைட்டில் எதுதான் வளரும்?

பதில்: வெந்தயக்கீரை, புதினா, மணி பிளான்ட். ஆப்பிரிக்கன் வயலெட் அழகாகப் பூக்கும். தக்காளியும் மிளகாயும் நாற்றுப் பருவம்வரைதான். காய்க்க வெயில் வேண்டும்.

கேள்வி: கடையில் என்ன கேட்டு வாங்குவது? (திருச்சி வாசகர்)

பதில்: டியூபின் ஓரத்தில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். 865 என்றால், கடைசி 65 என்பது 6500 கெல்வின். நீலம் தூக்கலான வெள்ளை. கீரைக்கு இதுவே போதும். பூச்செடியா? பக்கத்தில் ஒரு 827 மாட்டுங்கள், அதில் சிவப்பு அதிகம். செடிக்கென்றே ஊதா வெளிச்சத்தில் விற்கும் டியூபுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசில் நல்ல மண் வாங்கலாம்.

கேள்வி: எவ்வளவு உயரத்தில் மாட்டலாம்?

பதில்: முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி! நாற்றின் உச்சிக்கு மேல் ஒரு கையகலம். வளர்ந்த செடிக்கு அரையடி. குண்டு பல்பு அவ்வளவு நெருக்கத்தில் இலையைக் கருக்கிவிடும், டியூப் கருக்காது. சங்கிலியில் தொங்கவிட்டால் செடி வளர வளர ஒவ்வொரு கண்ணியாக ஏற்றலாம். சங்கிலி இல்லையென்றால் தொட்டிக்கடியில் செங்கல் அடுக்கி, ஒவ்வொன்றாக உருவுங்கள். டியூபின் இரு முனைகளும் நடுவைவிட மங்கல் என்பதால், வெளிச்சம் அதிகம் கேட்கும் செடியை நடுவில் வையுங்கள். தூசியைத் துடைப்பதும் செடிக்குச் சோறு போடுவதுதான். சுவிட்சை அணைத்துவிட்டுத் துடையுங்கள்.

கேள்வி: நாள் முழுக்க எரியவிட்டால் இன்னும் வேகமாக வளருமா?

பதில்: 14 முதல் 16 மணி நேரம் போதும். செவ்வந்திக்கு நீண்ட இருட்டு கிடைத்தால்தான் மொட்டே கட்டும்; பயிரிடுவோர் இரவில் பல்பு எரியவிட்டுப் பூப்பதைத் தள்ளிப்போடுவது இதை வைத்துத்தான். கரண்ட் கணக்கும் உண்டு: 36 வாட் டியூப் இரண்டு, 14 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்.

கேள்வி: எல்இடி வந்த பிறகும் டியூப் எதற்கு? (மதுரை வாசகி)

பதில்: புதிதாக வாங்குவதென்றால் எல்இடியே வாங்குங்கள், கரண்ட் மிச்சம். வீட்டில் பழைய டியூப் நன்றாக எரிகிறதா, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் உள்ளே பாதரசம் இருக்கிறது. உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டு, துடைப்பம் போடாமல் அட்டையால் வாரி, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். தொட்டியில் சில்லு விழுந்திருந்தால் மேல்மண்ணையும் சேர்த்து அள்ளுங்கள். அந்தத் தொட்டிக் கீரையைச் சமைக்க வேண்டாம்.