கொசு மேல் போட்ட பொய் வழக்கு

மலேசியாவின் பேராக் தோட்டங்களில் கொசு ஒரு நாளும் நல்ல பெயர் எடுத்ததில்லை. ரப்பர் காலத்தில் லயத்துச் சனத்தை மலேரியாவில் சுருட்டிப் போட்டது அதுதான். காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கிற கையோடு மலேரியா மருந்தான கொய்னாவையும் வாயில் ஊற்றினார்கள். காய்ச்சல் என்று வந்தவனுக்கு தோட்டத்து மருந்தகத்து டிரசர் ஐயா முகத்தைக்கூடப் பார்க்காமல் மருந்தை நீட்டலாம். பல நேரம் சரியாகவே இருக்கும். இப்படிக் கேடி என்று பேர் வாங்கியவனை, ஊரில் எது களவு போனாலும் முதலில் பிடித்து உள்ளே தள்ளுவதுதானே வழக்கம்?

1998 கடைசியில் அதுதான் நடந்தது. பேராக்கில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் ஆட்களுக்குக் காய்ச்சல், தலைவலி, அப்புறம் நினைவு தப்பியது. பன்றி இருக்கிறது, கொசு இருக்கிறது, வேறென்ன வேண்டும்? பன்றியிடமிருந்து கொசு சுமந்து வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். போதாக்குறைக்கு, முதலில் வந்த சிலருடைய பரிசோதனையில் அதற்கான எதிர்ப்பொருளும் இருந்து தொலைத்தது. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். புகையில் கொசு செத்தது. ஆட்கள் சாவது நிற்கவில்லை.

கொசுவுக்கு ஒரு சின்ன வக்கீல் கிடைத்திருந்தாலும் வழக்கு அன்றே உடைந்திருக்கும். ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிப்பது. இங்கே படுத்ததோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள்: சீனப் பண்ணைக்காரர்கள், கூடவே இந்தியத் தொழிலாளிகள். பண்ணைக்குள் கால் வைக்காத அக்கம்பக்கத்து மலாய்க்காரர்களுக்கு ஒன்றுமில்லை. கொசு என்ன, அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டா கடிக்கும்? தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகள் வேறு ஒரு மைலுக்குக் கேட்கிற மாதிரி குரைத்துக் குரைத்து இருமின. ஜப்பானியக் கிருமி பன்றிக்குள் சத்தமில்லாமல் குடியிருந்துவிட்டுப் போகிற வகை. இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் அதற்கு வராது.

அதற்குள் பேராக் பன்றிகள் லாரி ஏறி நெகிரி செம்பிலானுக்குப் போயின. கிருமியும் ஓசியில் போனது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங், நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கம்பத்து நோயாளி ஒருவரின் தண்டுவட நீரைக் குரங்குச் சிறுநீரகச் செல்களில் விட்டுப் பார்த்தார். சில நாளில் செல்கள் வேலி கலைந்து, ஒன்றோடொன்று கலந்து, ஒரே உடம்புக்குள் பல உட்கருக்களோடு கிடந்தன. ஜப்பானியக் கிருமி இப்படிக் கூட்டுக் குடித்தனம் நடத்தாது. இது தட்டம்மைச் சாதிக்காரன் வேலை. மாதிரியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். (இன்றைக்கு அப்படிப் போனால் விமான நிலையத்தையே காலி பண்ணுவார்கள்.) அங்கே எலெக்ட்ரான் நுண்ணோக்கி அவர் சந்தேகத்தை உறுதி செய்தது. 1994இல் பிரிஸ்பேனில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ராவுக்கு இது நெருங்கிய சொந்தம்.

மற்ற சாட்சிகளும் வந்து சேர்ந்தன. எம்ஆர்ஐ படத்தில், ஜப்பானியக் காய்ச்சல் வழக்கமாகத் தாக்கும் தலாமஸை விட்டு, மூளையின் வெண்பொருளில் சில மில்லிமீட்டர் அளவில் சிதறிய புள்ளிகள். இறந்தவர்களின் திசுவில் சிறு ரத்தக்குழாய்கள் வீங்கி அடைத்து, உட்சுவரில் அதே ராட்சதச் செல்கள். இந்தச் சேட்டை எந்தக் கொசுக் காய்ச்சலின் கையெழுத்திலும் இல்லை.

கணக்கு முடிந்தபோது மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் போய்விட்டார்கள். ராணுவம் இறங்கி ஏறக்குறைய பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றது. ஈப்போவில் கிளம்பிய கிருமிக்கு அந்த நெகிரி செம்பிலான் கம்பத்துப் பெயரை வைத்து ‘நிப்பா’ என்றார்கள். இந்தக் கௌரவம் கைமாறியதற்கு ஈப்போக்காரர்கள் யாரும் மறியல் செய்ததாகத் தெரியவில்லை.

உண்மைக் குற்றவாளி பழந்தின்னி வௌவால். ஈப்போ பண்ணையில் பன்றிக் கொட்டடியை ஒட்டியே மாமரங்கள் நின்றன. வௌவால் கடித்துப் போட்ட மிச்சம் கீழே விழும், பன்றி விடுமா? வௌவாலிடமிருந்து ஆதாரம் வாங்க, சுவாவின் குழு தியோமான் தீவுக்குப் போய், மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, மேலே தொங்குகிறவர்கள் எப்போது ஒன்றுக்குப் போவார்கள் என்று காத்திருந்தது. போனார்கள். அந்த மூத்திரத்திலேயே நிப்பா அகப்பட்டது.