பட்டியலில் பெயரில்லாத மைக்

கேள்வி: லினக்ஸ் போட்ட என் மடிக்கணினி பாடுகிறது, நான் பேசினால் மட்டும் அதன் காதில் விழுவதில்லை. மைக் பழுதா?

பதில்: பழுதன்று, அழைப்பில்லாத குறைதான். ஒலிபெருக்கி கோடெக் சில்லின் வழியே பாட, திரைச் சட்டத்து ஊசித்துளைக்குப் பின்னால் வாசம் செய்யும் டிஜிட்டல் மைக்கோ, சில ஏஎம்டி கணினிகளில் நேரே பிராசஸரோடு சம்பந்தம் வைத்துக்கொண்டிருப்பதால், அதன் இருப்பைப் பயாஸ் வாய்திறந்து சொல்லாதவிடத்து, டிரைவரானது கல்யாண வீட்டுக் காரியஸ்தரைப் போலத் தன் கைவசமுள்ள மாடல் பட்டியலைப் புரட்டிப் பார்த்து, பெயரில்லாதவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. டிஎம்ஐடிகோட் கட்டளை காட்டும் மாடல் பெயரை எழுத்துப் பிசகாமல் டிரைவரின் மூலநிரலிலுள்ள அப்பட்டியலில் ஒரு பதிவாகச் சேர்த்துக் கெர்னலை மறுபடி கட்டுங்கள். முன்னதாக, மைக்கை ஊமையாக்கும் விசை அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடியேன் அதைக் கண்டுபிடித்தது கெர்னலை மூன்றாம் முறை கட்டிய பிறகு.