கடற்கரைப் பள்ளியில் ஊக்கமூட்டுவது எப்படி?

வேம்பாருக்கும் பெரியதாழைக்கும் இடையில், தூத்துக்குடிக் கடலோரத்துப் பள்ளி ஒன்றில் உங்களுக்கு வேலை. பிள்ளைகள் சுரத்தில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கவலைப்படாதீர்கள். செய்யவேண்டியதில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால் போதும்.

1. பெற்றோர் தொழிலைக் காட்டிப் பயமுறுத்துங்கள்.

"படிக்கலேன்னா உப்பளத்துக்குத்தான் போகணும்." இதைத் தினமும் ஒரு தடவையாவது சொல்லுங்கள். மூன்றாவது பெஞ்சுக்காரியின் அம்மா விடியுமுன்பே உப்பு வாரப் போயிருப்பார். மகள் தலையைக் குனிந்துகொள்வாள். குனிந்துவிட்டாளா, ஊக்கம் ஏறிவிட்டது. பையன்களுக்கு, "நீயெல்லாம் வலை இழுக்கத்தாம்ல லாயக்கு." ராத்திரி அப்பாவோடு வள்ளத்தில் போய்வந்து வகுப்பில் தூங்கி வழிகிறவனுக்கு இதைச் சற்று உரக்கச் சொல்லவும்.

2. அறிவியல் வகுப்பில் மட்டும் உப்பளத்தை மறந்துவிடுங்கள்.

ஆவியாதலுக்குப் பீக்கர் படம் இருக்கிறது, அதைப் பலகையில் வரையுங்கள். கடல்தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிட்டால் உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். அடர்த்தி 25 போமே டிகிரியை ஒட்டி ஏறும்போது உப்பு விளையும். மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை நேரத்தோடு வடிக்காவிட்டால் உப்பு கெட்டுப்போகும். இதில் பாதி மூன்றாவது பெஞ்சுக்காரிக்கு அத்துப்படி. "டீச்சர், எங்க அளத்துல..." என்று ஆரம்பிப்பாள். "பாடத்தை மட்டும் கவனி" என்று அடக்குங்கள். பரீட்சையில் பீக்கருக்கு அம்புக்குறி போடவில்லை என்று அரை மதிப்பெண் குறையுங்கள். காற்று பற்றிய பாடத்துக்கும் இதே வழிதான். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று பிள்ளைகள் வாயில் வருவது எதையும் பலகையில் ஏற்றிவிடாதீர்கள்.

3. சிறப்பு விருந்தினரை அழையுங்கள்.

மிக முக்கியமான படி இது. பத்து மணிக்கு வரவேண்டியவர் பன்னிரண்டுக்கு வரட்டும். ஒன்பதரைக்கே பிள்ளைகளை வெயிலில் வரிசையாக உட்காரவையுங்கள், காத்திருப்பும் ஒரு பயிற்சிதானே. பொன்னாடை, நினைவுப்பரிசு, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்தபிறகே அவர் கையில் மைக் போகவேண்டும்.

இது முத்துநகர் என்பதால் முத்தைத் தவிர வேறெதையும் அவர் பேசமாட்டார். "சிப்பி தன்னை உறுத்தும் மணல்துகளைப் பொறுத்துக்கொண்டு முத்தாக்குகிறது. நீங்களும் அப்படியே!" கைதட்டச் சொல்லுங்கள். சிப்பி வெறும் மணலுக்கெல்லாம் அவ்வளவாக அசைவதில்லை, பெரும்பாலும் உள்ளே புகுந்த ஒட்டுண்ணியோ சதையில் பட்ட காயமோதான் காரணம் என்று எவனாவது முணுமுணுத்தால் முறைத்துப் பாருங்கள். 1973இல் இதே கரையில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பிக்குள் கருவாக ஒரு மணியும் இன்னொரு சிப்பியின் சதைத்துணுக்கும் வைத்து இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். அந்தத் துறைக்காரர் யாரையும் கூப்பிட்டுவிடாதீர்கள். நுண்ணோக்கியோடு வந்துவிட்டால் பிள்ளைகள் அதைச் சுற்றி நெருக்கியடிப்பார்கள், ஒழுங்கு கெடும்.

அடுத்து விருந்தினர், "மூச்சடக்கி மூழ்கினால்தான் முத்து கிடைக்கும்" என்பார். இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். முன்வரிசைப் பையனின் அப்பா கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு சங்குகுளிக்கப் போகிறவர். முத்துப்படுகைக்குப் 'பார்' என்று பெயர், தோலாயிரம் பார் எந்தத் திசையில் கிடக்கிறது, அங்கே எத்தனை பாகம் ஆழம் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவன் அவன். அவனை மேடையேற்றினால் அரைமணி நேரம் பேசுவான். ஆகவே அவனைத் தண்ணீர் டம்ளர் எடுத்துவர அனுப்பிவிடுங்கள்.

4. பேச்சு ஒன்றரை மணிவரை நீளட்டும். சாம்பார் ஆறட்டும். பசித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று காமராஜர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இதே மாவட்டத்து எட்டயபுரத்தில். விருந்தினர் உரையில் அதைக் கட்டாயம் குறிப்பிடச் சொல்லுங்கள். முட்டை அதுவரை காத்திருக்கும்.

5. சுற்றுலாவுக்குக் கொடைக்கானல். ஆதிச்சநல்லூர் பக்கத்திலேயே இருக்கிறது. 1876இல் ஜெர்மானியர் யாகோர் வந்து அகழாய்வு செய்த இடம். பக்கத்தில் இருப்பதை யார் பார்ப்பார்கள்?

6. வராத பிள்ளையைத் தேடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அளத்தில் வேலை நின்று வீடு கடனில் ஓடும்போதுதான் வருகைப்பதிவில் ஓட்டை விழும். நூறு சதவீத வருகைக்குச் சான்றிதழ் அறிவியுங்கள். எப்போதும் வருகிறவனே வாங்கிக்கொள்வான், பிரச்சினை இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, அதுபோல இன்னொன்று வந்து பைக்கட்டோடு புத்தகமும் ஊறிப்போனால் உடனே கட்டுரைப் போட்டி வையுங்கள். தலைப்பு: 'மழையின் பயன்கள்'. கோடிட்ட தாள் அவரவர் கொண்டுவர வேண்டும்.

7. பிரான்சிஸ் சவேரியாரைப் பின்பற்றாதீர்கள்.

1542இல் இந்தக் கரைக்கு வந்தவர். தமிழ் தெரியாது. ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கவைத்து மனப்பாடம் செய்தார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து அவர்களையே வீட்டில் பெரியவர்களுக்கு வாத்தியாராக்கினார். அவர் சொல்லித்தந்தது மதம், அது வேறு கதை. ஆனால் பிள்ளையை வாத்தியாராக்குவது ஆபத்தான பழக்கம். நாளைக்கு வகுப்பிலும் அந்த இடத்தைக் கேட்பான்.

8. கடைசியாக, "ஏதாவது சந்தேகம் உண்டா?" என்று கேளுங்கள்.

ஒருவன் எழுந்திருப்பான். அநேகமாக அந்தத் தண்ணீர் டம்ளர் பையன்தான். "சார், முத்துக்குளிப்பு ஏன் நின்னுபோச்சு?" நல்ல கேள்வி என்று முதுகில் தட்டிக்கொடுத்து அவன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த விழாவில் நன்றியுரை அவனுக்கு. நீங்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கவேண்டும், ஒரு வரிகூட விடாமல்.