போர்க்களம் பார்க்க வாரீர்!

வேலூர், ஆம்பூர் போர்க்களச் சுற்றுலாவுக்கு நல்வரவு! குழந்தைகளுக்கு ஜன்னலோர இருக்கை உண்டு.

முதல் களம் ஆம்பூர். 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் இங்கேதான் கொல்லப்பட்டார். எதிரில் சந்தா சாகிப், முசாபர் ஜங். கூடவே பிரெஞ்சுப் படை. நாற்காலிக்காக நம்மவர்கள் அடித்துக்கொண்டார்கள், துப்பாக்கியோடு வந்தவன் நாட்டையே அளந்துகொண்டிருந்தான். புரியவில்லையா கண்ணு? பரவாயில்லை, பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம்.

இரண்டாவது, வேலூர்க் கோட்டை. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழி, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டு என்றது கிழக்கிந்தியக் கும்பினி. 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி, ஏறக்குறைய நூறு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத்தள்ளினான். தம்பி, அகழிப் பக்கம் போகாமல் செல்பி எடு. மக்கான் சந்திப்பில் அந்தச் சிப்பாய்களுக்கான நினைவுத்தூணை வண்டியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது களத்துக்கு டிக்கெட் கிடையாது. மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள் அம்மா, இது பாலாறு. தலையில் ஒரு துண்டுத் தோல் ஏறியதற்கே துப்பாக்கி தூக்கிய மண் இது. இன்று ஆற்றின் தலையிலேயே தோல் பதனிடும் டேனரிகளின் கழிவை ஊற்றுகிறார்கள், ஊர் ஒத்துப்போய்விட்டது. மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. 2025 ஜனவரியில் அதையே மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் எத்தனை ஆட்சி, எத்தனை ஆய்வுக் கூட்டம், எத்தனை டீ, பிஸ்கட்!

அடுத்து ராணிப்பேட்டை. 2015 ஜனவரி 31 அன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதாவது, நம் வாக்காளர் பட்டியலில் இல்லாதவர்கள். அவர்களுக்காகத் தலைவர்கள் தொண்டை கிழியக் கத்தத் தேவையில்லை. 1806இல் சுட்டவனுக்குப் பெயராவது இருந்தது. இந்தப் போரில் கொல்பவனுக்குக் கோப்பு எண்தான் இருக்கிறது.

சுற்றுலா முடிந்தது. வழிகாட்டிக்குக் காசு வேண்டாம், ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள். ஜூலை 10 வந்தால் தூணுக்கு மாலை போடுகிறார்களே, அந்தக் கைகள் ஜூலை 11 அன்று, ஆற்றில் கழிவை விடும் ஆலைக்குப் பூட்டுப் போடுமா? போடாதென்றால், அந்த மாலை சிப்பாய்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல, அவமானம்.